செவிவழிச் சரித்திரம்

சரித்திர பாடம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருவது உலக வழக்கம். இந்நோய்க்கு நல்ல மருந்து, 2001-ல் வெளிவந்த ஐபாட் முதலிய கையடக்கக் கருவிகளிலும், 2004-ல் பாட்காஸ்ட் என்று பெயர் பெற்ற ஒலித் தொடர்களிலும் இருக்கிறதென்பது என் துணிபு.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்குத் தேசப் பிரிவினை என்பது ஐந்து மார்க் வினா, அவ்வளவுதான். குருக்ஷேத்திர முகாமிலிருந்த அகதிகளை நேரில் காண இயலாமல், 1947 நவம்பர் 12-ந் தேதி டில்லி வானொலி நிலையத்திலிருந்து காந்தியடிகள் அவர்களுக்கு ஆறுதல் கூறினார். அந்த ஒலிப்பதிவை அவளுக்குக் கேட்கக் கொடுத்தேன். ஹிந்துஸ்தானி தெரியாதவளாதலால் பொருளை நானே எடுத்துரைத்தேன்.

மெலிந்த அந்தக் குரல் ஓய்ந்ததும், "தாத்தா, அவர்களெல்லாம் மறுபடி சொந்த ஊருக்குப் போனார்களா?" என்று கேட்டாள். ஐந்து மார்க் வினா அன்று மனிதர்களின் கதையாயிற்று.

ஆயினும் கேட்பது மட்டும் போதாது. ஒலிபெருக்கிக் கருவியின் முன் பேச வாய்த்தவர் குரல் நிலைத்திருக்கிறது. கேட்டுக் கண்ணீர் வடித்தோரின் குரல் பெரும்பாலும் காற்றோடு போயிற்று. ஆசிரியர்கள் நடுநடுவே கருவியை நிறுத்தி, "இதில் யாருடைய குரல் இல்லை?" என்று வினவுவார்களாக. அதே கருவியில் வீட்டு முதியோரின் நினைவுகளைப் பிள்ளைகள் பதிந்து வரட்டும். காலம் அவர்களுக்காகக் காத்திராதன்றோ?