சர்வதேசச் சட்டம் முத்தியால்பேட்டையில்

சட்டப் படிப்பு முடித்த பிள்ளைகளிடம், உள்ளூர் கோர்ட்டில் சில வருடம் பழைய கட்டுகளைப் புரட்டச் சொன்னால் அது கிழட்டுப் பேச்சாகத்தான் படும். லண்டனிலோ லைடனிலோ ஒரு வருட எல்.எல்.எம்., பிறகு தி ஹேக்கில் பயிற்சி, அப்புறம் ஐ.நா. என்று அவர்கள் வழி போட்டு வைத்திருக்கிறார்கள். தம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான்களின் வழக்கு என்றால் ‘மியூசியம் சமாச்சாரம் சார்’ என்று சிரிக்கிறார்கள். 1838-லேயே சட்டப் பள்ளி கண்ட ஊர் எங்கள் புதுச்சேரி. காலணி போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்ததற்காக 1873-இல் விதித்த அபராதத்தைப் பாரிஸ் வரை கொண்டுபோய் உடைத்த பொன்னுத்தம்பி பிள்ளை வக்கீல் தொழில் பார்த்த ஊர். இங்கே பிரெஞ்சுச் சட்டத்தோடு மாரடித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைக்கத்தான் செய்யும். ஆனால் என் வழக்கு ரோஷத்தைப் பற்றியது அல்ல. அவர்கள் கடல் தாண்டித் தேடிப்போகும் படிப்பு இந்தக் கட்டுகளுக்குள்தான் இருக்கிறது என்கிறேன்.

சாதாரண வாரிசு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம்) வாங்கிவந்தவர் இறந்துபோகிறார். முத்தியால்பேட்டையில் வீடு, பாரிஸ் வங்கியில் சேமிப்பு, மூன்று பிள்ளைகள். வீடு முழுவதையும் மூத்தவனுக்கே உயில் எழுதி வைத்திருக்கிறார். சுயார்ஜித சொத்து, உயில் செல்லும் என்று ஜூனியர் பட்டென்று சொல்லிவிடுவார். இறந்தவரின் தாத்தா 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி தெக்ரேயின்படி (அரசாணை) ரெனோன்சானாகக் கையெழுத்துப் போட்டவர் என்றால் அந்தப் பதில் நிற்காது. அந்தக் கையெழுத்தை மீளப் பெற முடியாது. சந்ததியையும் அது கட்டும். 1963-இல் இந்துச் சட்டங்களை இங்கே நீட்டியபோதும் ரெனோன்சான்களை விலக்கியே நீட்டினார்கள். ஆக, பிரெஞ்சு சிவில் சட்டமான கோத் சிவில்படி மூன்று பிள்ளைக்காரர் கால் பங்கைத்தான் இஷ்டம்போல எழுதலாம். முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுங்கியது. அந்தக் கோதும் பாரிஸ் கடையில் இன்று விற்கும் சிவப்பு அட்டைப் புத்தகம் அல்ல. வாரிசுரிமையை 2001-இலும் ஒப்பந்தச் சட்டத்தை 2016-இலும் பிரான்சு திருத்தியது. அவை தாமாக வந்து இங்கே ஒட்டிக்கொள்ளாது. இனி பாரிஸ் சேமிப்பு. 2015 ஆகஸ்ட் 17 முதல் நேர்ந்த மரணங்களுக்கு ஐரோப்பிய விதிமுறை, இறந்தவர் வழக்கமாக எங்கே வாழ்ந்தாரோ அந்த இடத்துச் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. அங்குள்ள நொத்தேர் (பத்திர அதிகாரி) உடனே திருப்பிக் கேட்பார்: ஆளுக்கு ஒரு தனிநபர் சட்டம் உள்ள இந்தியாவில் இவருக்கு எது? ஐரோப்பாவையே ஒருமுறை சுற்றிவிட்டுக் கேள்வி மறுபடி தாத்தாவின் கையெழுத்துக்கே வந்து நிற்கிறது.

இதோடு நாட்டுரிமையைப் போட்டுக் குழப்பாத ஜூனியர் அபூர்வம். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர், பிரான்சு இந்த ஊரைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்திருந்தால்தான் பிரெஞ்சுக்காரராகத் தொடர முடிந்தது, இல்லாவிட்டால் இந்தியர். சைகோனில் இருந்த அவருடைய தம்பி எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர், இரண்டு பேருமே ரெனோன்சான் என்பது இந்த ஊரில் நடக்கிற கதைதான். எந்த நாட்டுக் குடிமகன் என்பது வேறு, எந்தச் சட்டத்தில் பங்கு பிரியும் என்பது வேறு. எந்தச் சட்டம் என்பதைக் காட்டிக்கொடுப்பது எத்தா சிவில் என்னும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடு, அதிலும் பக்கத்தின் ஓரத்தில் பின்னாளில் எழுதிச் சேர்த்த குறிப்புகள். இன்றைய அவசரத்தில் ஜெராக்ஸ் எடுக்கும்போது அறுபட்டுப் போவது அந்த ஓரம்தான்.

இதெல்லாம் உள்ளூர் வாரிசுச் சண்டை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் கிளேர்வுட்டில் பஸ் டிரைவர் மகளாகப் பிறந்த தமிழ்ப் பெண் நவநீதம் பிள்ளையைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் திரட்டிக்கொடுத்த பணத்தில் படித்து, 1965-இல் சட்டப் பட்டம் பெற்று, 1967-இல் நேட்டாலில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். நிறவெறி அரசு பிடித்து வைத்தவர்களுக்காக வாதாடினார். ராபன் தீவுக் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை 1973-இல் வாங்கிக் கொடுத்தார். ருவாண்டா தீர்ப்பாயத்தில் அவர் நீதிபதியானது 1995-இல். அங்கே விசாரிக்கப்பட்ட அகயெசு என்பவர் மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் சொன்னதை மூவர் ஆயம் காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் 1997-இல் அது சேர்ந்தது. அந்த ஆயத்தில் இருந்த ஒரே பெண் நவநீதம் பிள்ளைதான். 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலை ஆகலாம் என்று முதன்முதலாக நிலைநாட்டியது. தாளில் இல்லாததைச் சாட்சியின் வாயிலிருந்து பிடிக்கும் காது கருத்தரங்கில் வளராது, விசாரணை கோர்ட்டில்தான் வளரும்.

அவரும் ஹார்வர்டு போனவர்தானே என்பார்கள். போனார், எல்.எல்.எம். வாங்கியது 1982-இல், தொழில் தொடங்கிப் பதினைந்து வருடம் கழித்து. பட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசை மாறிக் கிடக்கிறது என்கிறேன். காசும் காலமும் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் நியாயமானதே. வருமானமில்லாத ஜூனியர் வருடங்கள் எப்போதுமே வசதியுள்ளவர்களுக்குத்தான் சுலபம். ஆனால் அதைவிடப் பல மடங்கு கடன் வாங்கி லண்டன் போகிற வீட்டில் இந்தக் கேள்வி ஏனோ எழுவதில்லை.

இந்தக் கட்டுகள் வற்றிவருகின்றன என்ற ஆட்சேபத்தையும் நான் ஏற்கமாட்டேன். சொத்து இங்கே, பேரப்பிள்ளைகள் அங்கே என்று தலைமுறைக்குத் தலைமுறை சிக்கல் கூடத்தான் செய்கிறது. வற்றுவது படிக்கத் தெரிந்தவர்கள். இத்தனைக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். நம் பிள்ளைகளோ மார்க் அள்ளித்தரும் பாடமென்று ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து, பரீட்சையோடு கைகழுவிவிடுகிறார்கள். பிறகு நொத்தேர் கைப்பட எழுதிய பத்திரத்தைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கிறார்கள். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் போன் தடுமாறுவது பெயரிலும் தேதியிலும் பங்குக் கணக்கிலும்தான்.