இசைத்தட்டும் ஊசியும்

வாயினின்று எழும் ஒலி, எழுந்த கணத்திலேயே காற்றில் கரைந்துவிடும். அதனைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழியை 1877-ஆம் ஆண்டில் எடிசன் கண்டார். அவர் உருளையில் பதித்த ஒலியை வட்டத் தட்டில் பதிக்கும் முறையை 1887-இல் எமில் பெர்லினர் வகுத்தார். அத்தகைய தட்டு ஒன்றிற்கு என் சிறு வயதில் நான் இழைத்த தீங்கு இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்தை அடுத்த தெருவில் எங்கள் வீடு இருந்தது. கைப்பிடியைச் சுற்றி முடுக்கும் கிராமபோன் ஒன்று கூடத்தில் வீற்றிருக்கும். வீணை தனம்மாள் 1932-இல் வாசித்துப் பதிவான தட்டு ஒன்றைத் தாத்தா உயிர்போல் போற்றினார். இளமையில் அவர் ஜார்ஜ் டவுனில் இருந்த அம்மையாரின் இல்லத்திற்கு வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்று, அவ்விசையை நேரில் கேட்டவர். அம்மையார் 1938-இல் மறைந்தார்.

ஒரு பக்கத்திற்கு ஒரு புதிய ஊசி என்பது தாத்தாவின் விதி. அவர் வெளியே சென்றிருந்த ஒரு நாள், கழித்துப்போட்ட பழைய ஊசியைப் பொருத்தி அத்தட்டைப் பலமுறை சுழலவிட்டேன். மாலையில் தாத்தா அதனை வைத்தபோது, வீணையின் மெல்லிய நாதத்தை இரைச்சல் மூடிக்கொண்டது. நான் தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன்.

"வேறு தட்டு வாங்கலாமே, தாத்தா!" என்றேன்.

"இது இப்போது கடையில் கிடைப்பதில்லை, குழந்தாய்" என்றார். சினம் கொள்ளாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பல வட்டங்கள் என நான் எண்ணியிருந்தவை, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளக்கோடு! அது வாய்க்கால்போல் இடமும் வலமும் நெளிந்து ஓடியது.

"வீணையின் ஒலி ஒலிவாங்கியில் மின்னோட்டமாக மாறி, ஓர் உளியை அசைத்தது. உளி மெழுகில் இந்நெளிவைக் கீறியது. அதிலிருந்து உலோக அச்செடுத்து, அரக்குக் கலவையில் அழுத்தித் தட்டுகளைச் செய்தார்கள். ஒலி உரத்தால் நெளிவு அகலும். சுருதி உயர்ந்தால் நெளிவு நெருங்கும். நிமிடத்திற்கு 78 முறை தட்டுச் சுழல, ஊசி அந்நெளிவின் வழியே நடந்து, தானும் அவ்வாறே அசைகின்றது. அவ்வசைவு மெல்லிய தகட்டை அதிரச் செய்ய, குழலின் வழியே இசை பிறக்கின்றது. தேய்ந்த ஊசியோ பள்ளத்தின் சுவரைச் சீவிவிடும். சீவியது திரும்ப வாராது" என்றார்.

1948-இல் அமெரிக்காவில் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நெடுநேரத் தட்டு வெளிவந்தது. மூன்று நிமிடம் ஒலித்த பக்கம் இருபது நிமிடத்திற்கு மேலும் ஒலித்தது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் அத்தகைய தட்டாக வந்தது. அதில் ஊசியின் அசைவு மின்னோட்டமாக மாறி ஒலிபெருக்கியை இயக்கும். ஆயினும், ஒலி நெளிவில் வாழ்வது மாறவில்லை.

தாத்தாவின் தட்டு இன்றும் என்னிடம் உள்ளது. செவியைக் கூர்மையாக்கிக் கேட்டால், இரைச்சலுக்கு அப்பால் வீணை ஒலிக்கின்றது. முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் சில வேளை மயிரிழை அளவே இருக்கும்; அதனைக் காப்பதும் கெடுப்பதும் நம் கையில் உள்ளன.