பாலே படங்கள் - ஒரு அப்பா(வி)யின் பார்வை

பாலே ஆடற பொண்ணைப் பத்திப் படம் எடுக்கணும்னா டைரக்டர்களுக்கு ரெண்டே முடிவுதான் தெரியும் போல. ஒண்ணு, பொண்ணு செத்துப் போகணும். இல்லேன்னா புத்தி பேதலிச்சுப் போகணும்.

1948-ல வந்த 'தி ரெட் ஷூஸ்' எடுத்துக்குங்க. கதாநாயகி விக்கியை, காதலா நடனமான்னு கேட்டு பாலே கம்பெனி முதலாளி நெருக்கறார். கடைசியில பாவம், ரயிலுக்கு முன்னாடி விழுந்துடறா. விக்கியா வந்த மொய்ரா ஷீரர் நிஜமாவே பாலே கலைஞர். அதனால நடுவுல வர்ற கால் மணி நேர நடனத்தைக் கண் கொட்டாம பார்க்கலாம்.

அடுத்தது 2010-ல வந்த 'பிளாக் ஸ்வான்'. வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் ரெண்டையும் ஒருத்தியே ஆடணும். அந்த அழுத்தத்துல நீனாவுக்கு எது நிஜம், எது பிரமைன்னே தெரியாமப் போயிடுது. நடாலி போர்ட்மேனுக்கு ஆஸ்கார் கிடைச்சுது. ஆனா கஷ்டமான இடங்கள்ல டூப்பா ஆடினது சாரா லேன்ங்கற பாலே கலைஞர். யார் எவ்வளவு ஆடினாங்கன்னு 2011-ல பெரிய சர்ச்சையே நடந்தது. நடனக்காரியோட கதையைச் சொல்ற படத்துல நிஜ நடனக்காரிக்கு முகமே இல்ல!

உனக்கு எதுக்குய்யா இந்த ஆராய்ச்சின்னு கேட்கறீங்களா? நாங்க மும்பைக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு. மூணு வருஷமா பாலே கிளாஸ் போறா. போன மாசம் டீச்சர் கூப்பிட்டு, இனிமே வாரத்துக்கு அஞ்சு நாள் வரணும்னு சொன்னாங்க. 'பிளாக் ஸ்வான்' பார்த்த தங்கமணி, "வேண்டவே வேண்டாம், பேசாம பரதநாட்டியத்துல சேர்த்துடலாம்"ங்கறாங்க. ஊர்லேர்ந்து அம்மா போன்ல, "அது என்னடா கட்டை விரல்ல நிக்கற டான்ஸு?"

என்னோட பயம் வேற. ராபர்ட் ஆல்ட்மனோட 'தி கம்பெனி' (2003) பார்த்தப்பதான் அது என்னன்னு புரிஞ்சுது. அமெரிக்காவோட ஜாஃப்ரி பாலே குழுக் கலைஞர்களே நடிச்ச படம். பெருசா கதைன்னு ஒண்ணும் கிடையாது. ஒத்திகை நடக்கும்போது ஒருத்திக்குக் குதிகால் நரம்பு அறுந்துடும். அவ இடத்துக்கு உடனே வேற ஆள். கதாநாயகி ராத்திரியில பார்ல வேலை பார்த்துத்தான் காலம் தள்ளறா. ரயில்ல விழறதை விட இதுதான் வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா இது நிஜமாவே நடக்கும். பெரும்பாலானவங்களுக்கு நாப்பது வயசுக்குள்ள முடிஞ்சு போற தொழில் இது. நம்ம வீடுகள்ல அப்பத்தான் ஹோம் லோனே பாதி தாண்டியிருக்கும் :)

ஆனா 'பில்லி எலியட்'டும் (2000) இருக்கே. 1984-ல இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்க ஸ்ட்ரைக். பையனை லண்டனுக்கு ஆடிஷன் கூட்டிப் போகக் காசு இல்லாம, ஸ்ட்ரைக்கை மீறி வேலைக்குப் போற பஸ்ல அப்பா ஏறிடறார். நேத்து வரைக்கும் அவரே எதிர்ல நின்னு திட்டின பஸ்! மூத்த பையன் ஓடி வந்து தடுக்க, மனுஷன் உடைஞ்சு அழுவார். அப்புறம் செத்துப்போன மனைவியோட நகையை அடகு வைப்பார். பாலே படத்துல நான் அழுத இடம் இதுதான். ஆட்டமே இல்லாத இடம்.

நம்ம மும்பைக் கதையும் ஒண்ணு உண்டு. சூனி தாராபோர்வாலா எடுத்த 'யே பாலே' (2020). டாக்ஸி டிரைவர் பையன் மனீஷ் சௌஹான், வெல்டர் பையன் அமீருதீன் ஷா, ரெண்டு பேருக்கும் கத்துக் கொடுத்த இஸ்ரேல்காரர் யெஹூதா மாவோர். இவங்களோட நிஜக் கதையை வச்சு எடுத்த படம். அமீர் லண்டன் ராயல் பாலே ஸ்கூல் வரைக்கும் போனார். மனீஷ் தன்னோட பாத்திரத்துல தானே நடிச்சார். இங்க காலும் முகமும் ஒரே ஆளோடது!

எல்லாத்தையும் பார்த்த பிறகு எனக்குத் தோணறது இதுதான். நீனாவைக் கெடுத்தது பாலே மட்டும் இல்ல. முதுகுல இருந்த காயத்தைப் பெத்த அம்மாகிட்டயே மறைக்க வேண்டிய வீடு அது. பில்லி வீட்டுல காசு இல்ல, சண்டை வேற. ஆனா கடைசியில பின்னாடி நிக்க ஆள் இருந்தது.

தங்கமணியோட மறுபடி 'பில்லி எலியட்' பார்த்தேன். அஞ்சு நாள் கிளாஸுக்குச் சரின்னு சொல்லியாச்சு. பொண்ணுக்கு வீட்டுல ஒரே ஒரு கண்டிஷன்தான். வலிச்சா மறைக்கக் கூடாது.