கோலக் கண்ணுக்குத் தெரிந்த கோணல்

பேத்தி எடுத்த ஒரு பெண்பிள்ளை, மோட்டார் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் போல்ட்டு முடுக்கினாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எங்கள் தெருவும் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு, என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் ஊர் கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு வத்திராயிருப்புப் பக்கம் வந்தால் மலை கிட்டத்தில் வந்து நிற்கும். தென்னந்தோப்பும் நெல்வயலுமான சீமை. எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸடர் இருக்கிறது. என் மாமனார் 1984-ல் வாங்கியது. 1957-ல் பிறந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன வம்சம் அது. "அதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்று சென்னையிலிருந்து பிள்ளை டெலிபோனில் கேட்காத வாரமில்லை. என் வீட்டுக்காரரோ நாற்பது வருஷமாக அந்த வண்டியை ஒருவரையும் தொட விட்டதில்லை. கழற்றுவதும் மாட்டுவதும் அவர்தான். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்.

போன வருஷம் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஒருவாறு தேறியது. கைதான் தேறவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ராஜபாளையத்துக்கு அழைத்துப் போய்க் கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். லைசென்சை நான் எப்போதோ எடுத்து, விடாமல் புதுப்பித்தும் வைத்திருந்தேன். ஆகவே வண்டி ஓட்டும் உத்தியோகம் எனக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லும் உத்தியோகம் அவருக்கு.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கோலம் போட வாசலுக்கு வந்தேன். முதல் நாள் சாயங்காலம் வண்டி வந்த தடம் ஈர மண்ணில் பதிந்திருந்தது. வண்டி நேராகப் போனால், முன் சக்கரத்தின் தடத்தின் மேலேதான் பின் சக்கரத்தின் தடமும் அநேகமாக விழ வேண்டும். இங்கோ பின் தடம் இரண்டுமே இரண்டு விரற்கடை இடப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. அரை விரல் புள்ளி பிசகினாலும் என் கண்ணுக்கு உறுத்தும். அன்றைக்குக் கோலத்தை மறந்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நண்டு மாதிரி நடக்குது. பின் அச்சு நகர்ந்திருக்கு" என்றார்.

நம் பாட்டிமார் ஏறிப்போன வில் வண்டி ஞாபகம் இருக்கிறதல்லவா? வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் வண்டிக் கூட்டை ஏற்றியிருப்பார்கள். அம்பாஸடரின் பின்பக்கமும் அதே சங்கதிதான். பட்டை அடுக்கின் நடுவே துளைத்துப் போகிறது ஒரு சென்டர் போல்ட்டு. அதன் தலை அச்சிலுள்ள குழியில் உட்கார்ந்து, அச்சு முன்பின் நகராமல் பார்த்துக்கொள்கிறது. பக்கத்துக்கு இரண்டாக, யூ வடிவத்தில் வளைத்த போல்ட்டுகள் அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கின்றன. அந்தக் கட்டுத் தளர்ந்தால் பாரமெல்லாம் சென்டர் போல்ட்டின் தலையில் விழுந்து, அது ஒரு நாள் முறிந்துவிடும். அப்புறம் அச்சு தன் இஷ்டத்துக்குப் பின்வாங்கும். பழியை வண்டியின் மேல் போட எனக்கு மனசில்லை. டிக்கி நிறையத் தேங்காய் மூட்டை ஏற்றியவர்கள் நாங்கள். அவர் படுத்தபிறகு ஒரு வருஷமாக அடியில் குனிந்து பார்க்காதவளும் நான்தான்.

பக்கத்து ஊர்ப் பட்டறையில் விசாரித்தோம். "இந்த வண்டிக்கு இப்போ ஆள் கிடையாதும்மா, பத்து நாள் ஆகும்" என்றார்கள். பத்து நாள் பயிற்சி விட்டால் கை இன்னும் மடங்கிப் போகுமே!

"நான் சொல்றேன், நீ செய்" என்றார் அவர்.

அடுத்த வீட்டுத் தம்பி ராஜபாளையத்துக்குப் போய்ப் புது போல்ட்டுகளும் நட்டுகளும் வாங்கி வந்தான். இரவல் பேசி ஒரு டார்க் ரெஞ்சும் கொண்டுவந்தான். குறித்த அளவுக்கு முறுக்கேறியதும் 'டக்'கென்று சொல்லிவிடும் ஸ்பானர் அது. முதல் நாள் இரவே பழைய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். காலையில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஆடிப் பூரத்துத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஜாக்கிரதை வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கைப்பிரேக்கால் பிரயோஜனமில்லை. அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஜாக்கியை நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. வண்டியின் உடம்பை இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவர் என்னை உள்ளே விட்டார்.

ஒரு பக்கத்தை முடித்துக்கொண்டுதான் மறுபக்கம் தொட வேண்டும் என்றார். இரண்டையும் ஒரே சமயத்தில் அவிழ்த்தால் அச்சு எங்கே போகும் என்று யார் கண்டார்கள்? இடப் பக்கத்து நட்டுகளில் இரண்டு வந்தன. இரண்டை அறுக்க வேண்டியிருந்தது. பட்டைகள் கலையாதபடி கிளாம்பு போட்டு இறுக்கி, முறிந்த சென்டர் போல்ட்டைத் தட்டி எடுத்துப் புதியதைப் பூட்டினோம். அதன் தலை அச்சின் குழியில் போய் உட்கார்ந்தபோது உச்சி குளிர்ந்தது எனக்கு. யூ போல்ட்டின் நாலு காலையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன்.

மத்தியானம் ஆயிற்று. அவர் முகத்தில் களைப்பு. "வலப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. விட்டுடு. போல்ட்டுப் பழசானாலும் தாங்கும்" என்றார்.

நாற்பது வருஷத்தில் வண்டி விஷயத்தில் அவர் சொன்னதற்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை. ஆனால் அந்த வண்டியில் அவரை உட்கார வைத்து ஓட்டப்போகிறவள் நானல்லவா? லீவுக்கு வரும் பேத்தியும் அதிலேதான் ஏறுவாள். "இல்லீங்க, அதையும் மாத்திடுறேன்" என்றேன். தம்பி என்னையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் யோசனை சொல்ல ஆளில்லை. இடப் பக்கத்தில் கற்றதை வைத்து வலப் பக்கத்தை நாங்களே அவிழ்த்தோம்.

வலப் பக்கத்துச் சென்டர் போல்ட்டு முறியவில்லை. ஆனால் கழற்றிய யூ போல்ட்டு ஒன்றைத் துடைத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். பழையதன் மரை ஓரிடத்தில் இழுபட்டு, இடுப்புச் சிறுத்துப் போயிருந்தது. புது நட்டை விரலால் திருகினேன். பாதி தூரம் சுகமாகப் போனது, அந்த இடுப்புக்கு வந்ததும் இறுகி நின்றுவிட்டது. இழுபட்ட இரும்பு மறுபடி பழைய பிடி கொடுக்காது. ஒன்றும் பேசாமல் அதைக் கொண்டுபோய் அவருடைய இடது கையில் வைத்தேன்.

அவர் கட்டைவிரலால் மரையைத் தடவினார். இன்னொரு தடவை தடவினார். "கண்ணு மங்கிப் போச்சு எனக்கு" என்றார். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வண்டியைத் தரையில் இறக்கினோம். கடைசி முறுக்கு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை வைத்திருக்கிற புதுக் காரில் பட்டை கிடையாது. பின்பக்கத்துக் கைகளெல்லாம் சப் ஃபிரேம் என்ற தனிச் சட்டத்தில் பூட்டியிருக்கும். அங்கேயும் ரப்பர் புஷ் உள்ள இணைப்புகளை இப்படிப் பாரத்தோடுதான் இறுக்குவார்களாம். தொங்கவிட்டு முடுக்கினால், இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும் என்று அவரே வலிய விளக்கினார். கோபம் தீர்ந்தது என்று தெரிந்துகொண்டேன்.

கடைசி நட்டுக்கு அவரையும் கூப்பிட்டேன். படியோரம் உட்காரவைத்து, ரெஞ்சின் நீண்ட பிடியை வெளியே நீட்டினேன். என் கையின்மேல் அவர் வலது கையை எடுத்து வைத்தேன். பலம் என்னுடையதுதான். 'டக்'கென்றது அவருக்கும் தெரிந்தது. விரல்கள் லேசாக அசைந்தன.

மறுநாள் மெதுவாக ராஜபாளையம் போய் வந்தோம். இரண்டு மூன்று தடவை போய்வந்தபின் எட்டு நட்டையும் மறுபடி முடுக்கிப் பார்த்தேன்; மூன்று நட்டுகள் சற்று இடம் கொடுத்தன. புதுக் கட்டு அப்படித்தான் படியுமாம்.

அடுத்த மழைக்கு மறுநாள் விடிவதற்குள், கோலப்பொடி டப்பாவோடு வாசலில் குனிந்து நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"என்ன, தடத்து மேலே தடம் விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு" என்றேன்.

"நல்லாப் பாரு."