அரபு நாட்டைத் தமிழில் அச்சிட்டவர்



அரபு நாட்டையும் அதன் நாகரிகத்தையும் பற்றித் தமிழில் அறிய விரும்புவோர்க்குச் சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் பெருந்துணையாக இருந்தது. தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் அவர்கள் நடத்திய யுனிவர்சல் பப்ளிஷர்ஸ்தான் அது. 'எண்ணமே வாழ்வு' போன்ற முன்னேற்ற நூல்களால் அவரைப் பலர் அறிவர். அவருடைய பெரும்பணியோ 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்'. ஊர்கள், அறிஞர்கள், மன்னர்கள், நூல்கள் என்று அகர வரிசையில் பல தொகுதிகளாக விரியும் அக்களஞ்சியத்தைப் பல்கலைக்கழகக் குழு எதுவும் உருவாக்கவில்லை. முன்னேற்ற நூல்கள் ஈட்டிய பணமே அதனைத் தாங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நான் பயிற்சி பெற்ற காலத்தில் ஆசிரியர் கல்லூரியை எல்லாரும் 'மக்தாப்' என்றே அழைத்தோம். எழுதும் இடம் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. வாரிசு, அசல், வக்கீல், பாக்கி ஆகிய சொற்களும் அரபிலிருந்து வந்தவையே. இவற்றுக்கு இணையான வாரிஸ், அசால், வாக்கில், பாக்கி என்பவற்றை நம் மாணவர் மலாய்ப் பாடத்தில் படிக்கின்றனர். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே என்று கூறும்போது வகுப்பில் எழும் வியப்பைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

2019ஆம் ஆண்டில், நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் ஜாவி எழுத்து அறிமுகம் பற்றி நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. முடிவில் அது மூன்று பக்கங்களாகச் சுருங்கியது. தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் இசைவும் தேவையென்றாயிற்று. பள்ளியின் தன்மை பற்றிய பெற்றோரின் கவலையை நான் குறைத்து மதிப்பிடேன். ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள் என்பதை அந்நாளில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அரபுத்தமிழ் என்று பெயர் பெற்ற அவ்வெழுத்தில் நூல்களே அச்சாகியுள்ளன. அச்சம் கொள்வதாயினும் அறிந்தபின் கொள்ளலாமே!

நம் பள்ளி நூல்நிலையங்களில் நீதிக்கதைகளும் தேர்வு வழிகாட்டிகளும் நிறைந்துள்ளன. மக்கா எங்கே, பாக்தாது எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தமிழில் ஒரு நூல் இல்லை. அருகிலேயே மலாய் நண்பர்கள் வாழும் ஜோகூரில் இஃது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதிகள் உங்கள் வீட்டு அலமாரியில் உறங்கினால் தெரிவியுங்கள். பள்ளிக்காக உரிய விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்; தாள் பழுப்பேறியிருந்தாலும் குற்றமில்லை.