சர்க்கரை பணக்கார நோய் அல்ல

சர்க்கரை என்றாலே உட்கார்ந்து தின்பவர்களுக்கு வரும் நோய் என்ற பேச்சு நம் காலனிகளில் இன்னும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு அப்படிப்பட்டதல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை. பட்டினி கிடந்தால் போவதுமில்லை. வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி வேண்டும். நிறுத்தினால் உயிர் போகும்.

இந்த மே மாதம் புதுச்சேரி நகரில் இத்தகைய குழந்தைகளுக்காக நடந்த கோடை முகாமில் நாங்கள் மூன்று பேர் தொண்டர்களாக இருந்தோம். இரண்டு பேர் சமூகப் பணியாளர்கள். மூன்றாமவர் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. பாகூர் பக்கத்துக் காலனியிலிருந்து வருபவர், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்.

இப்படி முகாம் நடத்துவது புதிதல்ல. 1922-இல் டொரண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவின் மிச்சிகனில் குழந்தைகள் முகாம் தொடங்கிவிட்டது. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை வெறும் ஒரு டாலர் விலைக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். மருந்து வியாபாரிகள் கையில் சிக்கக் கூடாது என்று நினைத்தார்கள். நூறு ஆண்டு கழித்தும் நம் தெருவுக்கு அது முழுசாக வந்து சேரவில்லை.

முகாமில் ஒரு பையனுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. "ஒழுங்கா ஊசி போடுறதில்லை, படிக்காத சனம்" என்று வேறொரு இடத்தில் அவன் அம்மாவைத் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மாணவி அந்த அம்மாவின் பையைத் திறந்து பார்த்தார். மருந்து 40 யூனிட் பாட்டில். ஊசியோ ஆரஞ்சு மூடி, 100 யூனிட்டுக்கு உரியது. 40-க்குச் சிவப்பு மூடி ஊசிதான் வேண்டும். மாறிப் போனதால் 10 யூனிட் என்று அளந்து போட்டது, உடம்புக்குள் போகும்போது 4 யூனிட்தான். "கடைக்காரர் கொடுத்ததைத்தான் வாங்குறேன் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. அவர் ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை. தவறு எங்கே என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஏழைத் தாய் என்றால் பழி முதலில் அவள் தலையில்தான்.

இன்னொரு தாய் மாணவியிடம், "ஊர்ல எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த கேள்விதானே தோழர்களே. "காலனிதாம்மா. பாப்பாவைக் கையை நீட்டச் சொல்லுங்க" என்றார் அவர். அம்மா பதில் பேசவில்லை. பாப்பா கையை நீட்டியது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் பிஸ்கட் தின்னக்கூடாது என்று டீச்சர் தடுத்ததால் மயங்கி விழுந்ததைச் சொன்னாள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இத்தகைய குழந்தைகள் பள்ளியில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்கச் சொல்லி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலக் கல்வி வாரியங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதம் அந்த டீச்சருக்குப் போய்ச் சேரவில்லை.

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஜிப்மர். அந்தப் படிப்பு காலனி வரை நடந்து வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலினும் சரியான ஊசியும் சர்க்கரை பார்க்கும் பட்டையும் இலவசமாக இருக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலினைப் பாதுகாக்கலாம் என்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

அடிக்கடி ஒன்றுக்குப் போவதும், தீராத தாகமும், காரணமில்லாமல் இளைப்பதும் உங்கள் தெருக் குழந்தையிடம் தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நர்சிங் படிக்கும் தங்கைகள் தம்பிகள் ஒவ்வொரு வீட்டிலும் ஊசி மூடியின் நிறத்தைப் பாருங்கள். உரிமைப் போராட்டம் அங்கேயும் இருக்கிறது.