அளவு பார்க்கும் கண்

திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை. காதர்பேட்டைக்குப் போனால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-சர்ட் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லத்தான் ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதையே தொழிலாக்கப் பார்க்கிறாள். குறைந்த கட்டணத்தில் ஆன்லைன் வகுப்பு, ஸ்டைலிங் என்கிறார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள்.

முறையாகப் படிக்க, ஏற்றுமதியாளர் சங்கம் 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி இங்கேயே இருக்கிறது. ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குக் கிளம்புகிறவள் அங்கே எப்படிப் போவாள்? அவளுக்குக் கைப்பேசிதான் பள்ளிக்கூடம்.

"ஃபீஸ் எவ்வளவு வெக்கலாமுங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் கூலிக்கு மேலே வேண்டாம் அம்மிணி. சும்மாவும் சொல்லித்தராதே, உன் உழைப்புக்கு மதிப்பிருக்காது. புதுத்துணி வாங்கச் சொல்லாதே. அவரவர் பீரோவில் இருப்பதை எடுக்கச் சொல். தோள் தையல் எங்கே விழணும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், 180 ஜிஎஸ்எம் துணி உடம்பில் எப்படி நிற்கும், இதெல்லாம் செக்கிங்கில் நீ பார்த்ததுதானே? அதிலிருந்து ஆரம்பி."

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் ரெடிமேட் உடைக்கு 'ப்ரெத்-ஆ-போர்த்தே', அளவெடுத்துத் தைத்ததற்கு 'சூர் மெஸ்யூர்' என்று பெயர். பாரிஸில் 1841-ல் அலெக்ஸி லவீஞ் என்ற தையல்காரர் தொடங்கிய எஸ்மோட் பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கேயும் பாடம் அளவில்தான் ஆரம்பம். ரெடிமேட் வாங்குகிறவருக்கும் அளவு பார்க்கும் கண் வேண்டுமே. அதைத்தான் இவள் விற்கப்போகிறாள்.

முதல் வகுப்புக்கு ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள்; மூன்று பேர் கூட வேலை பார்த்தவர்கள். மாதக் கடைசியில் வாடகைக்குப் போதுமா என்பதுதான் அவளுக்குப் பரீட்சை.